பன்னிரண்டில் ஒரு பங்கு வேடர்

1978இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த கென்னர் நிறுவனம் விற்ற ஸ்டார் வார்ஸ் படத்தின் வில்லன் டார்த் வேடர் பொம்மையின் உயரம் ஏறக்குறைய 11 செ.மீ. கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என்று ஐந்தே மூட்டுகள். முழங்கால் மடங்காது, உட்காரவைத்தால் கால் இரண்டும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். முதுகில் மேலங்கி என்ற பெயரில் ஒரு வினைல் தகடு, மார்புப் பெட்டியில் சில வண்ணப் பொட்டுகள். அவ்வளவுதான் வேலைப்பாடு. ஆனாலும் அறையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அது வேடர்தான், வேறு யாருமில்லை.

இன்றைக்கு அதே வேடர் அரை அடிக்கும் சற்றுக் கூடுதலான உயரத்தில், முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் திரும்ப, உடையின் வரிமடிப்புகளை எண்ணிப் பார்க்கும்படி வருகிறார். விலையும் பல மடங்கு. அவற்றில் சில என் கண்ணுக்கு வேடராகவே படுவதில்லை. வேடர் வேடம் கட்டிய யாரோ ஒருவராகத்தான் படுகின்றன.

சேகரிப்பவர்கள் ‘ஸ்கல்ப்ட்’, ‘டீட்டெய்ல்’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டார்கள். முதலாவது உருவம்: தலை எவ்வளவு பெரிது, தோள் எங்கே சரிகிறது, உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது. இரண்டாவது, அந்த உருவத்தின் மேற்பரப்பில் செதுக்கியதும் பூசியதும். உருவம் சரியில்லாத பொம்மையை மேற்பரப்பு வேலை காப்பாற்றி நான் பார்த்ததில்லை. 1995இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மறுபடி கடைக்கு வந்தபோது கதாநாயகன் லூக் ஸ்கைவாக்கருக்கு மல்யுத்த வீரரின் மார்பும் புஜமும் இருந்தன. உடையின் விவரங்கள் 1978இன் பொம்மையைவிட எவ்வளவோ கூடுதல். ஆள்தான் வேறு.

விவரம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல பார்வையுள்ள கண்ணால், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். 30 செ.மீ. தொலைவில் இந்தக் கோணம் 0.09 மி.மீ. அளவுக்கு வருகிறது. இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் பொம்மைகள் அசலில் 12இல் ஒரு பங்கு. அப்படியொரு வேடரை 30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்ப்பது, முழு உயர வேடரை 3.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 3.6 மீட்டரில் ஒருவரின் கன்னத்துத் தோலில் துவாரம் தெரியுமா? சட்டைத் தையலின் ஒவ்வொரு இழையும் தெரியுமா? தெரியாது. அந்த உடையின் கிடைமட்ட வரிமடிப்புகள் தெரியும். மார்புப் பெட்டியின் பொத்தான்கள் தெரியும். தோல் துவாரமும் தையல் இழையும் கண்ணுக்குப் படுகிற சிறு பொம்மையில் அவை உண்மை அளவைவிடப் பல மடங்கு பெருத்திருக்கின்றன என்றுதான் பொருள். விளம்பரப் படத்தில் அது பிரமாதமாக இருக்கும். கையில் எடுத்தால் முகம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருக்கும்.

ஆனால் அப்படியே பன்னிரண்டால் வகுத்துவிட்டாலும் வேலை முடியாது. அசலில் 1 மி.மீ. இடுக்கு பொம்மையில் 0.08 மி.மீ. ஆகிவிடும். அதன்மேல் தெளிக்கும் ஒரு பூச்சு பெயின்ட்டே 0.02 முதல் 0.03 மி.மீ. வரை தடிமன் இருக்கலாம். இரண்டு பூச்சு அடித்தால் இடுக்கு பாதிக்கு மேல் அடைந்துபோகும். ஆகவே கண்ணில் பட வேண்டிய இடுக்குகளைச் சிற்பி வேண்டுமென்றே அகலப்படுத்துகிறார், படவேண்டாதவற்றை விட்டுவிடுகிறார். எதை அகலப்படுத்துவது, எதை விடுவது என்ற தேர்வில்தான் ஒரு சிற்பிக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். நடிகரின் தலையை ஸ்கேன் செய்து கணினியில் சுருக்கி நேராக அச்சுக்கு அனுப்பினால் அளவுகள் அத்தனையும் சரியாக இருக்கும், முகம் மட்டும் சோப்பில் கரைந்தது மாதிரி வரும். இமை விளிம்பையும் உதட்டுக் கோட்டையும் யாராவது கொஞ்சம் கூர்மைப்படுத்தியாக வேண்டும்.

இந்தக் கரைதலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிர் நிறப் பிளாஸ்டிக்கின் மேல் விழும் ஒளி மேற்பரப்போடு நின்றுவிடுவதில்லை. சற்று உள்ளே புகுந்து, அங்குமிங்கும் சிதறி, பக்கத்தில் எங்கோ வெளியே வருகிறது. மனிதத் தோலும் இதையேதான் செய்கிறது. ஆனால் உண்மையான மூக்கோடு ஒப்பிட்டால் ஒளி அப்படி நகரும் தொலைவு மிகச் சிறியது, அரை செ.மீ. மூக்குக்கு அது பெரியது. மூக்கின் பக்கத்தில் விழ வேண்டிய நிழலை உள்ளிருந்து கசியும் ஒளி நிரப்பிவிடுகிறது. செதுக்கிய பள்ளம் அங்கேயே இருக்கிறது, நிழல் இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை. தொழிற்சாலைக்குப் போகும் முன் எடுத்த சாம்பல் நிற மாதிரியின் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள், கைக்கு வந்த பொம்மையைப் பார்த்து ‘ஸ்கல்ப்டை மழுக்கிவிட்டார்கள்’ என்று கொதிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பள்ளங்களில் தேங்கும்படி நீர்த்த கருவண்ணத்தை ஓடவிடுவது இந்த இழந்த நிழலைத் திருப்பித் தருவதற்காக. அளவோடு விட்டால் முகம் எழுந்து நிற்கும். அதிகமானால் ஆள் குளித்துப் பல நாள் ஆனது போலிருப்பார்.

வேடருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் கறுப்பு. அவருடைய சிக்கல் வேறு.

பளபளக்கும் கறுப்புப் பரப்பு ஒளியைச் சிதறவிடுவதில்லை. பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மீதியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. அதன் வடிவத்தை நாம் நிழலைக் கொண்டு அறிவதில்லை, அதில் தெரியும் பிம்பங்கள் எப்படி வளைகின்றன என்பதைக் கொண்டு அறிகிறோம். பரப்பு 1 பாகை தவறாகச் சாய்ந்தால் பிம்பம் 2 பாகை விலகும். ஆகையால் கண்ணால் காண முடியாத மேடுபள்ளம்கூடப் பிம்பத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வேடரின் ஹெல்மெட்டைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு டியூப்லைட்டின் கீழே நின்று பொம்மையை மெதுவாகத் திருப்புங்கள். விளக்கின் வெள்ளைக் கோடு ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து பின்கழுத்து விரிவு வரை முறியாமல் வழிந்து போனால் நல்ல வேலை. நடுவில் நெளிந்தாலோ இரண்டாகப் பிளந்தாலோ அச்சை மெருகேற்றியதில் குறை, அல்லது பெயின்ட் ஒழுங்காகப் பரவவில்லை. கார் உடலின் தகட்டைச் சோதிக்கும் இடங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது, விளக்குகள் மட்டும் நிறைய. பளபளப்பே இல்லாத மங்கல் கறுப்பில் வேடர் ஹெல்மெட் செய்பவர்களை எனக்குப் புரிவதில்லை. அந்த வடிவத்தைக் காட்டும் ஒரே வழியை அவர்களே அடைத்துவிடுகிறார்கள்.

இனி அந்த ஹெல்மெட்டின் வடிவத்துக்கு வருவோம். ரால்ஃப் மெக்வாரி வரைந்த ஓவியங்களிலிருந்து அதைக் களிமண்ணில் உருவாக்கியவர் பிரையன் மியூர். 1976இல், லண்டன் அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், வேடராக நடித்த டேவிட் ப்ரவுஸின் தலை வார்ப்பின் மேல் முகமூடியைக் கையால் வனைந்தார். கைவேலை என்பதால் இடப்பாதியும் வலப்பாதியும் அச்சொட்டாக ஒன்றில்லை. கன்னங்கள் வேறு, வாயருகே போகும் குழாய்கள் வேறு. 1977இல் வெளியான முதல் படத்தில் முகமூடியை ஒரே கறுப்பாகவும் விடவில்லை. சில பரப்புகளில் கறுப்பு, சிலவற்றில் துப்பாக்கி உலோகச் சாம்பல் என்று இரு வண்ணம். கண்ணாடி வில்லைகளில் லேசான செம்மை. வேடருக்கு முகபாவம் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே அந்த முகம் மாறுகிறது; இந்தச் சமச்சீரின்மைக்கும் இரு வண்ணத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 2005இல் வந்த படத்துக்கு ஹெல்மெட்டைப் புதிதாகச் செய்தபோது இரு பாதியையும் சமச்சீராக்கினார்கள். கதைப்படி அது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்தது, ஆகவே பொருந்துகிறது.

பொம்மைச் சிற்பிகள் இப்போது வேலை செய்வது கணினியில். அங்கே ஒரு பாதியைச் செதுக்கினால் மறுபாதி தானே உருவாகும். சமச்சீர் என்பது சும்மா கிடைப்பது, அதைக் குலைக்கத்தான் உழைக்க வேண்டும். எனவே பெட்டியில் முதல் படத்தின் பெயர் போட்டிருந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். இரு பாதியும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால், உடை முதல் படத்தினுடையது, தலை 2005இனுடையது. இன்னொரு அடையாளமும் உண்டு. முதல் படத்தில் தோள் கவசத்துக்கு மேலே உள்ளங்கி விழுந்திருக்கும். அடுத்த படங்களில் அது கவசத்துக்குக் கீழே போய்விட்டது. இதைக் கவனிக்காத நிறுவனம் வேறு எதையும் கவனித்திருக்காது.

கைப்பிழையே அடையாளமாகிப்போவது பொம்மை உலகில் புதிதல்ல. 1964இல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மைக்கு வலது கைக் கட்டைவிரலின் நகம் உள்பக்கத்தில் இருந்தது. பிறகு போலிகளைப் பிடிக்க அதுவே உதவும் என்று விட்டுவிட்டார்கள்.

சிற்பி எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் கடைசியில் அது எஃகு அச்சிலிருந்து கழன்று வர வேண்டும். இரண்டு எஃகுத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி இறுகி நிற்க, உருகிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, ஆறியதும் திறந்து பொருளைத் தள்ளி எடுக்கிறார்கள். இட்லித் தட்டின் குழி மேலே அகன்று கீழே குறுகியிருப்பதால்தான் இட்லி பிய்யாமல் வருகிறது. பொம்மை அச்சின் சுவர்களும் அப்படியே ஒன்றிரண்டு பாகையாவது சரிந்திருக்க வேண்டும். அச்சு திறக்கும் திசைக்கு எதிரே இருக்கும் பரப்பில் எவ்வளவு ஆழமாகவும் வேலைப்பாடு வைக்கலாம். அந்தத் திசைக்கு இணையாகப் போகும் பக்கச் சுவரில் வைத்தால் வெளியே எடுக்கும்போது உரசிச் சிதையும். இதனால் வேடரின் தொடையில் முன்புறம் வரிமடிப்பு கூராக இருக்கும். பக்கவாட்டில் இரண்டு பாதியும் சேரும் கோட்டை நெருங்க நெருங்க மங்கி, கடைசியில் வழுவழுவென்று ஆகிவிடும். நல்ல நிறுவனம் காலை இன்னும் அதிகத் துண்டுகளாகப் பிரித்தோ, பக்கவாட்டில் நகரும் கூடுதல் அச்சுத் துண்டு வைத்தோ, வரியைக் கோடு வரைக்கும் கொண்டுபோகும். அதற்குச் செலவு அதிகம். பொம்மையின் முன்பக்கத்தை எல்லோரும்தான் அழகாகச் செய்கிறார்கள். காலின் பக்கவாட்டையும் அக்குளையும் பாருங்கள், பணம் எங்கே செலவானது என்று தெரிந்துவிடும்.

தலை, கை, அங்கி போன்றவற்றுக்கு மென்மையாக்கிய பிவிசி பிளாஸ்டிக் பயன்படுவதும் அச்சு காரணமாகத்தான். மென்மையான பொருள் சற்றே வளைந்து கொடுத்து, உள்வாங்கிய இடங்களிலிருந்தும் பிதுங்கி வெளியே வந்துவிடும். கடினமான ஏபிஎஸ் அப்படி வராது. மார்புக்கும் தொடைக்கும் ஏபிஎஸ் போதும். ஒளிவாள் மாதிரியான மெல்லிய நீண்ட துண்டைப் பிவிசியில் செய்தால் பெட்டிக்குள்ளேயே வளைந்துவிடும். வெந்நீரில் சில நொடி வைத்து, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் சரியாகும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இதை ஸ்கல்ப்டின் குறையாக எண்ணக்கூடாது.

முகம் தெரியும் கதாபாத்திரங்களுக்கு எல்லாம் கண்ணில் இருக்கிறது. மனிதக் கருவிழி வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ.; பொம்மையில் 1 மி.மீ. இதை முன்பெல்லாம் சிலிக்கோன் பேடில் மையை எடுத்து முகத்தில் ஒற்றுவார்கள். ஒற்றும்போது 0.1 மி.மீ. விலகினால் என்ன ஆகும்? பொம்மையின் கண்கோளத்தின் ஆரமும் ஏறக்குறைய 1 மி.மீ.தான். ஆகவே அந்த விலகல் கண் 6 பாகை திரும்பியதற்குச் சமம். எதிரே இருப்பவர் நம் கண்ணைப் பார்க்கிறாரா, காதைப் பார்க்கிறாரா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். 6 பாகை நமக்கு அப்பட்டமான மாறுகண். கடையில் வரிசையாகத் தொங்கும் ஒரே பொம்மைகளில் ஒன்று உயிரோடும் பக்கத்திலிருப்பது அசடாகவும் தெரிவதற்கு ஸ்கல்ப்ட் காரணமில்லை, இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். இப்போது ஹாஸ்ப்ரோவும் பண்டாயும் முகத்தின் மேலேயே நுண்புள்ளிகளாக டிஜிட்டல் அச்சு அடிக்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் செய்தித்தாள் படம் போலப் பல வண்ணப் புள்ளிகள். கை நீளத்தில் அவை கலந்து தோலாகிவிடும். கண்ணும் இமையும் உதடும் ஒரே அச்சில் விழுவதால் ஒன்றுக்கொன்று விலகுவதில்லை. எல்லாம் சேர்ந்து செதுக்கலிலிருந்து விலகுவது மட்டும் இன்னும் நடக்கிறது. அச்சடித்த உதடு செதுக்கிய உதட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

வேடரின் பாதி கம்பீரம் அவருடைய மேலங்கியில். அங்கேதான் இயற்பியல் பொம்மைக்காரர்களைக் கைவிடுகிறது. துணி தன் எடையால் தொங்குகிறது, தன் விறைப்பால் அதை எதிர்க்கிறது. எடை தடிமனுக்கு நேர்விகிதத்தில் கூடும். விறைப்போ தடிமனின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடும். போதாக்குறைக்கு, துணி குட்டையாகக் குட்டையாகத் தன்னையே வளைத்துக்கொள்ளும் திறனும் வேகமாகக் குறைகிறது. அது நீளத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், 12 மடங்கு சிறிய அங்கி அசல் போலவே விழுவதற்கு அதே பொருளில் செய்த துணி ஏறத்தாழ 42 மடங்கு மெலிதாக இருக்க வேண்டும் என்று வருகிறது. அசல் துணி அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் பொம்மைக்கு வேண்டியது 0.012 மி.மீ. துணி. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. நெய்த துணி ஒரு தகடு அல்ல, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் என்பதால் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் போக்கு இதுதான். பொம்மையின் துணி அங்கி தோளிலிருந்து கூடாரம் போல விரிந்து நிற்பதற்குத் தையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வழி இரண்டுதான். ஒன்று, அங்கியை மென்பிளாஸ்டிக்கில் செதுக்கிவிடுவது. மடிப்பு ஒவ்வொன்றும் சிற்பி நினைத்தபடி, கனமாக, தரை வரை விழும். ஆனால் வேடர் என்றென்றும் ஒரே மாதிரி நிற்க வேண்டியதுதான், கால் மூட்டுகளுக்குக் கொடுத்த காசு வீண். மற்றது, துணியின் ஓரத்தில் மெல்லிய கம்பியைத் தைத்துவிட்டு, மடிப்பை வாங்குபவரின் கைக்கு விட்டுவிடுவது. அலமாரியில் ஒரே நிலையில் நிற்கப்போகும் வேடருக்கு நான் செதுக்கிய அங்கியைத்தான் சொல்வேன். துணி என்றாலே உயர்ந்த ரகம் என்ற எண்ணம் 6இல் ஒரு பங்கு அளவுள்ள பெரிய உருவங்களிலிருந்து வந்தது. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் அந்த ஓரடி உருவங்களுக்கு 15 மடங்கு மெலிதானால் போதும். அங்கே அது எட்டக்கூடிய கணக்கு.

பழைய பொம்மை வாங்குபவர்களுக்குச் சோதனை இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் காலப்போக்கில் மேலே கசியும். வெயிலில் மூடி நிறுத்திய காரும் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணும் இதை விரைவுபடுத்தும். தொட்டால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், நுண்ணிய கோடுகள் முதலில் மறையும். வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு ஒளி எதிரி. ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர்த் தன்மையுள்ள பகுதி புற ஊதாக் கதிரிலும் காற்றிலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. 1978இன் வெள்ளைக் கவச வீரர்களான ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மைகளில் தந்த நிறத்துக்கு மாறாததைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதே ஆண்டு வேடருக்கு அந்தக் கவலை குறைவு. பிளாஸ்டிக்குக்குக் கறுப்பு நிறம் தரப் பொதுவாகச் சேர்ப்பது கார்பன் கறுப்பு. அது புற ஊதாக் கதிரைத் தானே உறிஞ்சி, கீழே இருப்பதைக் காக்கிறது. அவருடைய வினைல் மேலங்கியை மட்டும் பார்த்து வாங்குங்கள். கைத்துளைகளின் ஓரத்தில் அது கிழிந்திருக்கலாம், அல்லது யாரோ பிற்காலத்தில் செய்த மாற்று அங்கியாக இருக்கலாம்.